புகைவிடுத்தலும் துணைநிற்றலும்

நுழையும்முன்

புகைபிடித்தல் உடலுக்குக் கேடு தரும் என்பதை அறியாதவர் இன்று எவருமிலர். பெட்டியின் மேலேயே படமும் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டுள்ளன. ஆயினும் பழக்கம் தொடர்கிறது. அறிவு மட்டும் போதாதெனில் வேறு எது வேண்டும்? அவ்வினாவிற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை. அவ்விடையின் ஒரு பகுதி, பதினோராம் வகுப்பில் பயிலும் உங்கள் கையில் இருக்கிறது.

அரசலாறு கடலோடு கலக்கும் காரைக்கால் நகருக்குத் தெற்கே, வயலும் கடலும் அடுத்தடுத்து அமைந்த ஊர் நெரவி. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் கொம்யூன் பஞ்சாயத்துகளுள் இதுவும் ஒன்று. இங்கிருந்து தெற்கே சில கிலோமீட்டர் சென்றால் வாஞ்சூர் எல்லை. அதற்கப்பால் தமிழ்நாட்டின் நாகூர். எல்லையைக் கடந்தால் சில பொருள்களின் விலை மாறும். ஆனால் நடவு முடித்து வரப்பில் இளைப்பாறுபவர் பற்றவைக்கும் பீடியும், இரவெல்லாம் கடலில் வலைவீசிக் கரையேறுபவர் பற்றவைக்கும் சிகரெட்டும் எல்லையின் இருபுறத்தும் ஒரே தீங்கையே செய்கின்றன.

அத்தீங்கைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டு செயல்களைச் செய்கிறோம். புகைபிடிப்பவரை மனவுறுதியற்றவர் என இகழ்கிறோம். அல்லது, ‘விட வேண்டியவர் அவர்தாம், நமக்கென்ன’ என ஒதுங்கிக்கொள்கிறோம். இரண்டும் பிழை. புகையை விடுதல் ஒரு மருத்துவம். அம்மருத்துவத்தில் நோயுற்றவருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, உடனிருப்பவருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலையின் வரவு

சங்கப் பாடல்களிலோ திருக்குறளிலோ புகையிலையைப் பற்றிய குறிப்பு இல்லை, இருக்கவும் இயலாது. அது அமெரிக்கக் கண்டத்தின் தாவரம். போர்ச்சுகீசியர் வழியாகவே இந்திய மண்ணை அடைந்தது. புதிதாக வந்த பொருளுக்குத் தமிழர் ‘புகை’, ‘இலை’ என்னும் தம் சொற்களை இணைத்துப் பெயரிட்டனர். சுருட்டிப் பிடிக்கப்பட்டதால் ‘சுருட்டு’ என்றனர். அச்சொல்லே ஆங்கிலத்திற்குச் சென்று ‘செரூட்’ ஆயிற்று. சீனிச் சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாக அனுப்புவதாக அமைத்துப் ‘புகையிலை விடு தூது’ என்னும் சிற்றிலக்கியம் படைத்தார். அயலிலிருந்து வந்த ஓர் இலை, சில நூற்றாண்டுகளுக்குள் தாம்பூலத் தட்டிலும் இலக்கியத்திலும் இடம்பிடித்துவிட்டது.

இவ்விலையிலுள்ள நஞ்சின் பெயருக்கும், நெடுங்காலம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கும் ஒரு தொலைதூர உறவு உண்டு. போர்ச்சுகல் நாட்டில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ என்பவர், 1560ஆம் ஆண்டில் புகையிலையை மருந்தெனக் கருதிப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பினார். அவர் பெயராலேயே அத்தாவரத்தின் அறிவியற்பெயரும், அதிலுள்ள ‘நிக்கோட்டின்’ என்னும் வேதிப்பொருளின் பெயரும் அமைந்தன. மருந்தென அனுப்பப்பட்டது நோயாயிற்று.

அதனைத் தடுக்கும் முயற்சியும் புதியதன்று. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617ஆம் ஆண்டிலேயே புகையிலையைத் தடைசெய்து ஆணையிட்டார். ஆணை நிலைக்கவில்லை, பழக்கமே நிலைத்தது. பேரரசரின் ஆணையால் இயலாதது எதனால் இயலும் என்பதை அறிய, முதலில் தீங்கின் அளவையும் பிடியின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

கணக்கிட்டுக் கண்ட உண்மை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, புகையே நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று மருத்துவ உலகம் உறுதியாகக் கூறவில்லை. 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவரும் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து அத்தொடர்பை வெளியிட்டனர். மறு ஆண்டே, நாட்டிலுள்ள மருத்துவர்களுக்கு அவர்தம் புகைப்பழக்கம் குறித்து வினாத்தாள் அனுப்பினர். ஏறத்தாழ 40,000 பேர் விடையளித்தனர். அவர்களுள் ஆண் மருத்துவர்களின் வாழ்வும் இறப்பும் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்யப்பட்டன. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு தெளிவானது: புகைப்பழக்கத்தைத் தொடர்ந்தவர்கள், அப்பழக்கம் இல்லாதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர்.

அம்முடிவின் மற்றொரு பகுதி, நம்பிக்கை தருவது. அறுபது வயதில் விட்டவர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டுகளையும், நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டுகளையும் மீட்டனர். முப்பதில் விட்டவரோ இழக்கவிருந்த பத்து ஆண்டுகளையும் ஏறத்தாழ முழுமையாகவே மீட்டனர். எனவே, ‘இவ்வளவு காலம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன பயன்?’ என்னும் பேச்சுக்கு இடமில்லை. ஆய்வை நடத்திய ரிச்சர்டு டால் தாமும் புகைபிடித்தவரே. தம் ஆய்வின் முடிவைக் கண்டு அப்பழக்கத்தைக் கைவிட்டார்.

இது மேலைநாட்டுக் கணக்கு என ஒதுக்கவும் இயலாது. தமிழ்நாட்டில் மருத்துவர் வே. கஜலட்சுமி, ஆங்கில அறிஞர் ரிச்சர்டு பீட்டோ முதலியோருடன் இணைந்து நடத்திய பேராய்வு ஒன்று 2003ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. சென்னையிலும் கிராமப்புறத்திலும் நேர்ந்த 43,000 ஆண்களின் இறப்புகள் அதில் ஆராயப்பட்டன. புகைபிடித்த ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைபிடிக்காதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது அதன் முடிவு. மேலைநாட்டில் நுரையீரல் புற்றுநோயாகத் தோன்றிய தீங்கு, காசநோய்க் கிருமி பரவியுள்ள நம் நாட்டில் காசநோய் மரணமாகவும் வெளிப்படுகிறது. பீடி சிறியது, அதன் தீங்கும் சிறியது என்னும் எண்ணம் இங்கே தகர்கிறது.

பிடியின் இயல்பு

இத்துணைத் தீங்கு தெரிந்தும் ஏன் விட இயலவில்லை? உள்ளிழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் சில நொடிகளிலேயே மூளையை அடைகிறது. அங்கே ‘டோபமைன்’ என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து மகிழ்வுணர்வை உண்டாக்குகிறது. நாளடைவில் மூளை அதற்குப் பழகி, நிக்கோட்டின் குறைந்தவுடன் எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை, கவனச்சிதறல் முதலிய துன்பங்களைத் தோற்றுவிக்கிறது. அடுத்த பீடி அத்துன்பத்தைத் தணிக்கிறது. ‘மன அழுத்தம் தீரப் புகைக்கிறேன்’ என்பவர் உண்மையில், முந்தைய புகை உண்டாக்கிய அழுத்தத்தையே அடுத்த புகையால் தணித்துக்கொள்கிறார்.

இப்பிடிக்கும் ஓர் எல்லை உண்டு. விட்ட முதல் சில நாள்களில் துன்பம் உச்சத்தை அடைகிறது. பெரும்பாலோர்க்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தணிகிறது. இடையிடையே எழும் வேட்கையும் சில நிமிடங்களே நீடிக்கிறது. அந்நிமிடங்களைக் கடக்கத் தெரிந்தவர் அந்நாளைக் கடக்கிறார். உடலின் பிடி ஒரு மாத அளவினது எனில், ஆண்டுகள் கடந்தும் மனிதரை மீண்டும் இழுப்பது எது?

மாலை கழற்றிய மறுநாள்

2016–17ஆம் ஆண்டில் இந்திய அரசு நடத்திய புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் புகைபிடிப்போர் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் விடவேண்டும் என எண்ணியிருந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் விட முயன்றும் இருந்தனர். ஆகவே நம் தெருவில் புகைபிடித்து நிற்பவர் விட விரும்பாதவர் என முடிவுகட்டுதல் தவறு. முயன்று, தோற்று, அதனை எவரிடமும் கூறாமல் நிற்பவராகவும் அவர் இருக்கலாம்.

நம் ஊர்களிலேயே இதற்குச் சான்று உண்டு. கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை அணிபவர்களுள் பலர், விரதம் முடியும்வரை ஒரு பீடியும் தொடுவதில்லை. ரமலான் மாதத்தில் நோன்பு நோற்போர் விடியல் முதல் மாலை வரை முப்பது நாளும் புகையைத் தவிர்க்கின்றனர். தவக்காலத்தின் நாற்பது நாளும் புகையை விலக்கிவைக்கும் கிறித்தவர்களும் உளர். நாற்பத்தொரு நாள் விரதம் என்பது, உடலின் பிடி தளர்வதற்குத் தேவையான காலத்தினும் மிகுதி. அத்தனை நாள் விட இயன்றவரை மனவுறுதியற்றவர் என எவ்வாறு கூறுவது?

ஆயினும் மாலை கழற்றிய மறுநாளே பலர் பழைய பழக்கத்திற்குத் திரும்புகின்றனர். காரணத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். விரத நாள்களில் அவரை எவரும் பீடி பிடிக்க அழைப்பதில்லை. ‘சாமி’ என்றே அனைவரும் விளிக்கின்றனர். வீட்டின் உணவும் உறக்கமும் அவர் விரதத்திற்கேற்ப மாறுகின்றன. உடன் மாலை அணிந்தோர் காலையும் மாலையும் ஒன்றுகூடுகின்றனர். மாலையைக் கழற்றியதும் அத்துணை அனைத்தும் ஒரே நாளில் விலகிவிடுகிறது. தேநீர்க் கடையில் நண்பர் மீண்டும் பெட்டியை நீட்டுகிறார். அந்நாற்பத்தொரு நாளும் அவரைக் காத்ததில் இறைநம்பிக்கையோடு ஊரின் துணைக்கும் பங்கு உண்டு. அத்துணை விலகிய இடத்திலேயே பழக்கம் நுழைகிறது.

நான்காம் கூறு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செயற்படுமாறு கூறும் வள்ளுவர், அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதாக அவர் வைப்பது ‘உழைச்செல்வான்’. அதாவது, நோயுற்றவரின் அருகிலிருந்து பேணுபவர். அவரின்றி மருத்துவம் நிறைவுறாது என்பது வள்ளுவர் கருத்து.

புகைவிடுத்தலிலும் இந்நான்கும் வேண்டும். முதல் மூன்றும் நம் நாட்டில் படிப்படியாக வளர்ந்துள்ளன. மருத்துவர் முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1954ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனம், நோய் வந்தபின் தீர்ப்பதோடு நில்லாமல் புகையிலையை விடுவிக்கும் பணியையும் மேற்கொண்டது. 2002ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் நாட்டில் 13 புகையிலை விடுவிப்பு மையங்கள் தொடங்கப்பட்டபோது, அந்நிறுவனமும் அவற்றுள் ஒன்றாயிற்று. நிக்கோட்டின் வேட்கையைப் படிப்படியாகக் குறைக்கும் மெல்லும் பசை, ஒட்டுப்பட்டை, மாத்திரை முதலியனவும் உள்ளன. அவற்றை மருத்துவரின் அறிவுரைப்படியே பயன்படுத்துதல் வேண்டும். 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண், புகையிலைப் பெட்டிகளின் மீதே 2018ஆம் ஆண்டு முதல் அச்சிடப்படுகிறது.

நான்காம் கூறாகிய துணையை அரசோ மருத்துவமனையோ முழுமையாக வழங்க இயலாது. அதனை வீடும் நட்பும் ஊருமே தரவேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கடைசிப் புகைக்குப் பின் உடல் மீளும் முறை:
20 நிமிடங்களில் – இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் தணியத் தொடங்கும்.
12 மணி நேரத்தில் – இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்குக் குறையும்.
2 முதல் 12 வாரங்களில் – இரத்த ஓட்டமும் நுரையீரலின் செயற்பாடும் மேம்படும்.
1 முதல் 9 மாதங்களில் – இருமலும் மூச்சிரைப்பும் குறையும்.
ஓராண்டில் – மாரடைப்பு நோய்க்கான இடர், புகைப்பவருக்குரியதில் ஏறத்தாழப் பாதியாகும்.
10 ஆண்டுகளில் – நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் இடர், புகைப்பவருக்குரியதில் ஏறத்தாழப் பாதியாகும்.

வீடும் கடையும்

‘கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி வாங்கி வா’ என்னும் சொல் நம் வீடுகள் பலவற்றில் இன்றும் ஒலிக்கிறது. ஏவுபவர் அதனைத் தவறென எண்ணுவதில்லை; சர்க்கரை வாங்கச் சொல்வது போலவே சொல்கிறார். ஆனால் 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம், பதினெட்டு வயது நிறையாதவருக்கு அவற்றை விற்பதைத் தடைசெய்கிறது. கல்வி நிறுவனங்களைச் சுற்றி நூறு கஜத் தொலைவிற்குள் விற்பதும் குற்றம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ, மருத்துவர் ஆணையின்றிச் சிறாருக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்போர்க்கு ஏழாண்டு வரை சிறையும் ஓரிலட்ச ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. வாங்கச் செல்லும் சிறார் வழியாகவே பழக்கம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கடந்து செல்கிறது என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கிறது.

ஆகவே ‘வாங்கி வரமாட்டேன்’ என மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அம்மறுப்பு மரியாதைக் குறைவாகிவிடுமோ என அஞ்சவேண்டா. ‘அப்பா’ என்றோ ‘அத்தா’ என்றோ ‘தாத்தா’ என்றோ நாம் அன்போடு அழைக்கும் ஒருவரிடம் அதனைச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. ‘உங்களுக்குத் தீங்கு செய்யும் பொருளை என் கையால் வாங்கித்தர எனக்கு மனம் வரவில்லை’ என்னும் சொல்லில் இகழ்ச்சி இல்லை. அதனைக் கேட்டவர் சினந்தாலும் மறக்கமாட்டார். அவர் விட முயலும்போது, எரிச்சலோடு பேசும் முதல் வாரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். வேட்கை எழும் வேளையில் ஒரு குவளை நீரோ சிறிது நடையோ பேச்சோ தந்து அச்சில நிமிடங்களைக் கடத்த உதவலாம். ‘இன்றோடு எத்தனை நாள் ஆயிற்று?’ என நாள்தோறும் கேட்கலாம். ஒரு நாள் தவறிவிட்டால் ‘எனக்குத் தெரியும், உங்களால் முடியாது’ என்னாமல், மறுநாளை முதல் நாளாக எண்ணச் செய்யலாம். பலமுறை முயன்று வென்றவர்களே மிகுதி என்பதை அவருக்கு நினைவூட்டலாம்.

உங்கள் நண்பர் குழுவிலும் இதே கடமை உண்டு. பெட்டியை முதலில் நீட்டுபவர் பெரும்பாலும் பகைவர் அல்லர், நண்பரே. அந்நேரத்தில் ‘அவனுக்கு வேண்டாம்’ எனக் கூறும் மற்றொரு நண்பர் இருப்பாரெனில், தொடங்காமலேயே முடிந்துவிடும் பழக்கங்கள் பல. தொடங்காமலிருத்தலே விடுத்தலினும் எளிது.

மறுப்புரைகளும் விடைகளும்

‘என் உடல், என் காசு, என் உரிமை’ என்பது ஒரு மறுப்பு. புகை, பிடிப்பவரின் உடலோடு நிற்குமாயின் இவ்வாதம் ஓரளவு பொருந்தும். 1981ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தகேஷி ஹிராயாமா, புகைபிடிக்காத மனைவியர் 91,000 பேருக்கு மேல் ஆராய்ந்தார். மிகுதியாகப் புகைபிடிக்கும் கணவரை உடையோருக்கு நுரையீரல் புற்றுநோய் இடர் மிகுந்திருப்பதைக் கண்டார். நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடங்களில் புகைபிடித்தல் பிறரின் வாழ்வுரிமையைப் பறிப்பதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வழங்கிய அமர்வில், தேவகோட்டையைச் சேர்ந்த நீதியரசர் ஏ.ஆர். இலட்சுமணனும் இருந்தார். 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் பொது இடத் தடை கடுமையாக்கப்பட்டது. காரைக்கால் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் வாழும் பிரான்சிலும் அதே 2008ஆம் ஆண்டின் சனவரி முதல் உணவகங்களில் புகைபிடித்தல் தடைப்பட்டது. ஒருவரின் உரிமை அடுத்தவரின் மூச்சுக்காற்றோடு முடிகிறது.

‘என் தாத்தா தொண்ணூறு வயது வரை சுருட்டுப் பிடித்தார்’ என்பது மற்றொரு மறுப்பு. அத்தகையோர் இருப்பர். அவர் நம் கண்முன் இருந்ததால் நினைவில் நிற்கிறார்; ஐம்பதில் மறைந்தவர்கள் இன்று வாதிட வருவதில்லை. ஒருவரைக் கொண்டு முடிவு காண்பதைவிட நாற்பதாயிரவரைக் கொண்டு காண்பதே அறிவு.

‘துணைநின்றால் போதும், சட்டம் எதற்கு?’ எனவும் சிலர் வினவலாம். இரண்டும் வேண்டும். ஜஹாங்கீரின் ஆணை தனித்து நின்றதால் தோற்றது. விரதக் காலத்துத் துணை, காலம் முடிந்ததும் விலகியதால் தோற்கிறது. சட்டம் வெளியே வேலியாகவும், துணை உள்ளே நீராகவும் அமைந்தால் பயிர் பிழைக்கும்.

முடிவுரை

நெரவி போன்ற ஓர் ஊர் இதில் செய்யத்தக்கவை பெருஞ்செலவு வேண்டாதவை. பள்ளிகளைச் சுற்றி நூறு கஜ எல்லையை அளந்து அறிவிப்புப் பலகை வைக்கலாம். திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் புகைப்பொருள் வைத்து உபசரிக்கும் வழக்கத்தை நிறுத்தலாம். மாலை கழற்றும் நாளிலும் நோன்புப் பெருநாளிலும், விட்டதை விட்டதாகவே தொடர விரும்புவோரை ஒருங்கிணைத்து, அடுத்த மாதங்களிலும் அவர்கள் கூடிப்பேச ஓரிடம் அமைக்கலாம். பள்ளி மாணவர்களே அதற்கு முன்னின்று உதவலாம்.

மனிதர் நெடுநாள் பழகிய ஒன்றைத் துறக்கும்போது முதலில் தனிமையையே உணர்கின்றனர். பீடியோடு சேர்ந்திருந்த ஓய்வும் உரையாடலும் தோழமையும் பறிபோனதாக வருந்துகின்றனர். பறிபோனவை போன்ற அவ்வோய்வையும் உரையாடலையும் தோழமையையும் புகையின்றியே அவருக்கு மீட்டுத் தருதல் நம்மால் இயலும். வள்ளுவர் வகுத்த நான்காம் கூறு நம் வீட்டு வாயிலில் காத்திருக்கிறது. அவ்விடத்தை நிரப்பப் பட்டமோ பதவியோ வேண்டா. அன்பும் பொறுமையும் உடைய ஒரு மகளோ மகனோ நண்பரோ போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் வாயிலிலிருந்து நூறு கஜத் தொலைவிற்குள் உள்ள கடைகளைப் பார்வையிட்டு, அங்குள்ள அறிவிப்புகளைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. புகைபிடித்தலை விட முயலும் உறவினர் ஒருவருக்கு, இகழ்ச்சிச் சொல் ஏதுமின்றி ஊக்கமளிக்கும் கடிதம் ஒன்று எழுதுக.
3. ‘தீய பழக்கங்களை ஒழிக்கப் பெரிதும் துணைசெய்வது சட்டமே / சமூகமே’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.
4. புகை, இலை என்னும் சொற்களை இணைத்துப் புதிய பொருளுக்குப் பெயரிட்டது போலத் தமிழில் உருவான பிற சொற்கள் ஐந்தினைத் தொகுக்க.